அவள் படிக்க மறுத்த வரி

கோளரங்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க அவளுக்கு இருட்டு டீச்சர் என்றுதான் பெயர். பார்க்க வந்த பிள்ளைகள் வைத்த பெயர் அது. அரங்கத்துக்குள் முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். கடைத்தெருவில் அவள் வெங்காயம் விலை கேட்டால் பக்கத்தில் நிற்பவர் சட்டென்று திரும்புவார்.

"நீங்க அந்த சனிக்கிரகத்து அம்மாதானே?"

"சனி நான் இல்லீங்க, சனியைக் காட்டுறவ," என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்குவாள்.

அரங்கம் கவிழ்த்து வைத்த பானை மாதிரி இருக்கும். உட்புறம் முழுக்க வெள்ளையடித்த அலுமினியத் தகடு. நடுவில், இரண்டு பெரிய உருண்டைகளும் ஒடுங்கிய இடுப்பும் கம்பிக் கால்களுமாக நின்ற எந்திரத்தை எல்லோரும் எறும்பு என்பார்கள். உருண்டைகளுக்குள் விளக்கு இருக்கும், உருண்டைத் தோலில் ஆயிரக்கணக்கான துளைகள். விளக்கைப் போட்டால் ஒவ்வொரு துளையும் கூரையில் ஒரு விண்மீன். குவிமாடத்தின் அடி விளிம்பில் ஊர்க் கட்டடங்களைக் கறுப்பு அட்டையில் வெட்டி ஒட்டியிருந்தார்கள். நான்கு திசைக்கும் நான்கு எழுத்துகள் பச்சையாக எரியும். நாற்காலிகள் படுக்கை போலச் சாயும். குறட்டை கேட்காமல் ஒரு காட்சியும் முடிந்ததில்லை.

அவள் தனியாக நடத்திய முதல் காட்சியிலேயே ஒரு கூத்து நடந்தது. உச்சி வெயிலில் தொடங்கி, சூரியனை மேற்கே இறக்கி, இருட்டவைத்து, விண்மீன்களைக் கொண்டுவர வேண்டும். பதற்றத்தில் எறும்பின் விசையைப் பின்பக்கமாகத் தள்ளிவிட்டாள். சூரியன் உச்சியிலிருந்து நேராகக் கிழக்கே இறங்கியது. மனப்பாடம் செய்ததை அவள் வாய் ஒப்பித்துக்கொண்டிருந்தது: "மேற்கு வானத்தைப் பாருங்கள், கதிரவன் மறைகிறான்." அரங்கம் மொத்தமும் கிழக்கே தலையைத் திருப்பிப் பார்த்து ஆகா என்றது. மறைகிற சூரியனுக்குச் சரியாகக் கீழே 'கி' என்ற எழுத்து எரிந்துகொண்டிருந்தது. ஆசிரியர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், ஒரு கப்பல்காரர்கூட இருந்தார். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

தப்பு நடந்ததை அவளே கவனித்து, விளக்கைப் போட்டு, "நான் சூரியனைக் கிழக்கே மறைய வெச்சுட்டேன், மன்னிச்சுடுங்க," என்றாள். அப்போதும் முன்வரிசையில் ஒருவர், "பரவாயில்லம்மா, நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.

எந்திரம் பார்த்துக்கொண்டவரை அவள் மெஷின் அண்ணன் என்பாள். காட்சி முடிந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணே, இருட்டுல மல்லாக்கப் படுக்க வெச்சு மேலேருந்து ஒரு குரல் சொன்னா, கண்ணுக்கு முன்னால இருக்கிற எழுத்தைக்கூட ஜனங்க நம்ப மாட்டேங்கிறாங்க. அந்தக் குரலைத்தான் நம்புறாங்க."

"அது நமக்கு நல்லதுதானே, தங்கச்சி?"

"நல்லதா? பயமா இருக்குண்ணே."

அந்தப் பயம்தான் அவளை ஆளாக்கியது. ஒப்பித்தலை அன்றோடு விட்டாள். கேள்வி கேட்கத் தொடங்கினாள்.

அந்திச் செம்மை கூரையில் இன்னும் மிச்சமிருக்கும்போதே ஆரம்பிப்பாள். "பூமி சூரியனைச் சுத்துதுன்னு நம்புறவங்க கையைத் தூக்குங்க." எல்லாக் கையும் மேலே போகும். "அது ஓடுறதை யாராவது பார்த்திருக்கீங்களா?" எல்லாக் கையும் இறங்கும்.

ஒருமுறை மீசைக்காரர் ஒருவர் கையை இறக்காமல் இருந்தார். "புத்தகத்துல போட்டிருக்கே."

"எழுதினவர் ஓடுறதைப் பார்த்தாரா?"

"அவருக்கு அவங்க வாத்தியார் சொல்லியிருப்பாரு."

"நம்பலைன்னா?"

"அடிப்பாரு."

அரங்கம் சிரித்து அடங்கியதும், கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டச் சொன்னாள். "வலது கண்ணை மூடிப் பாருங்க. இப்ப இடது கண்ணை மூடுங்க. விரல் நகருதா? விரல் நகரல, பார்க்கிற இடம் நகருது. இப்ப கையை நல்லா நீட்டிக்கோங்க. அசைவு கம்மியாகுதா?" பிறகு, இரண்டு கண்களுக்குப் பதிலாக, சூரியனுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பூமியையும் ஆறு மாதம் கழித்து அந்தப் பக்கம் நிற்கும் பூமியையும் நினைத்துக்கொள்ளச் சொல்வாள். பூமி உண்மையிலேயே ஓடுகிறது என்றால், கிட்டே இருக்கும் விண்மீன் தூரத்து விண்மீன்களுக்கு முன்னால் அந்த விரலைப் போல அசைந்தாக வேண்டும்.

"அசையுதான்னு பார்த்தாங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலயே கிரேக்கத்துல ஆரிஸ்டார்க்கஸ்னு ஒருத்தர் சூரியன்தான் நடுவுலன்னு சொல்லிட்டார். அப்படின்னா விண்மீன் அசையணுமேன்னு கேள்வி வந்துச்சு. அசையல."

அதன் பின் அவளுக்கு மிகவும் பிடித்த மனிதர் வருவார்: டைக்கோ பிராகே. வாள் சண்டையில் மூக்கின் ஒரு துண்டை இழந்து, உலோக மூக்கு ஒட்டிக்கொண்டு திரிந்தவர். தொலைநோக்கி பிறப்பதற்கு முந்தைய கடைசித் தலைமுறை. ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட கோணமானிகளைச் செய்து, வெறுங்கண்ணால் வானத்தை அளந்தார். வானத்தில் திடீரென்று தோன்றிய ஒரு விண்மீன் நிலவைத் தாண்டி இருக்கிறது என்று, இதே விரல் கணக்கை வைத்துத்தான் காட்டினார். அப்படிப்பட்டவர் விண்மீன்களின் வருடாந்திர அசைவைத் தேடினார். கிடைக்கவில்லை.

"பூமிதான் சுத்துதுன்னு எழுதின கோப்பர்னிக்கஸ் புத்தகத்தை அவர் படிச்சிருந்தார், மதிச்சார். ஆனா அவர் முன்னால ரெண்டே வழி. ஒண்ணு, பூமி அசையல. இல்லேன்னா, விண்மீன்கள் கற்பனைக்கு எட்டாத தூரத்துல இருக்கணும். அவ்வளவு தூரத்துல இருந்தும் இத்தனை பெரிசாத் தெரியுதுன்னா, ஒவ்வொண்ணும் பூதாகாரமா இருக்கணும். அதை அவரால ஏத்துக்க முடியல. பூமி நிக்குதுன்னார். தப்பு. ஆனா அளந்து பார்த்துச் செஞ்ச தப்பு. இங்க எத்தனை பேர் அளந்து பார்த்துச் சரியாச் சொல்றீங்க?"



கோப்பர்னிக்கஸின் புத்தகம் வந்து கிட்டத்தட்ட முந்நூறு ஆண்டுகள் கழித்து, பெஸ்ஸல் என்பவர் அன்னம் என்னும் விண்மீன் கூட்டத்தில் ஒரு மங்கலான விண்மீனைத் தொலைநோக்கியில் விடாமல் பின்தொடர்ந்து அந்த அசைவைப் பிடித்தார். எவ்வளவு அசைவு? ஒரு சின்ன நாணயத்தைப் பதின்மூன்று கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தால் அதன் அகலம் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. "வெறுங்கண்ணு எவ்வளவு கூர்மையா இருந்தாலும் இதைப் பார்க்க முடியாது. டைக்கோ கண்ணு பொய் சொல்லல. அந்தத் தூரம் அவ்வளவு," என்று முடித்து, கூரையில் விண்மீன்களை நிறைய விடுவாள். அப்போதுகூடப் பின்வரிசையில் யாராவது குறட்டை விடுவார்கள். அதற்கெல்லாம் அவள் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு புதிய எந்திரம் வந்தது. எறும்பைக் கழற்றி முன்கூடத்தில் கண்ணாடிக் கூண்டில் நிறுத்தினார்கள். குவிமாடம் முழுக்கப் படம் ஓடும், படத்தோடு பதிவு செய்த குரல் ஓடும். இயக்குநர் அவளைக் கூப்பிட்டு, அந்தக் குரல் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று அரங்கத்தின் நிர்வாகக் குழுவில் வாதாடி வாங்கிவந்திருப்பதாகச் சொன்னார். குடிநீர் வாரியத்திலிருந்து மாற்றலாகி வந்தவர், தங்கமான மனிதர். பழம் நழுவிப் பாலில் விழுந்த சேதிதான். அவள் அன்றைக்கு மெஷின் அண்ணனுக்கும் சேர்த்து டீ வாங்கினாள்.

மறுநாள் உரையைப் படித்தாள். வெளியூர் நிறுவனம் ஒன்று எழுதி அனுப்பியது. நல்ல நடை. செவ்வாய் அழகு, சனி அழகு. நடுவில் ஓர் இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. 'வானத்தை நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லாத மூடர்கள், ஆயிரமாண்டுகளுக்கு மேல் பூமியே மையம் என்று நம்பிக் கிடந்தார்கள்.'

தாளோடு இயக்குநர் அறைக்குப் போனாள்.

"சார், இந்த ஒரு வரியை நான் படிக்க மாட்டேன்."

"ஏன், நாக்குல வரலையா? கொஞ்சம் எளிமையா மாத்தித் தரச் சொல்லட்டுமா?"

"பொய் சார். நிமிர்ந்து பார்க்காம எப்படி நூத்துக்கணக்கான வருஷம் கிரகணத்தை முன்கூட்டியே சொன்னாங்க? செவ்வாய் முன்னால போய், நின்னு, பின்னால வந்து, திரும்ப முன்னால போறதை யார் குறிச்சு வெச்சாங்க? வட்டத்து மேல வட்டம் போட்டு யார் கணக்குக் கட்டினாங்க? ராத்திரி ராத்திரியா நிமிர்ந்து பார்த்துக் கழுத்து சுளுக்கினவங்க சார் அவங்க."

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டீச்சர், கதைன்னா ஒரு வில்லன் வேணும்."

"தூரத்தை வில்லனாக்குங்க. அதைவிடப் பெரிய வில்லன் கிடைப்பானா?"

"குழு ஒப்புதல் கொடுத்தாச்சு. ஒரு எழுத்தை மாத்தினாலும் மறுபடி முதல்லேருந்து. ஒரே ஒரு வரி டீச்சர். செத்துப் போன டைக்கோ வந்து உங்க மேல கேஸ் போடப் போறாரா?"

"அவரால முடியாதுன்னுதான் சார் நான் பேசுறேன்."

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, வில்லைகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது. தட்டைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ பிடிச்ச முயலுக்கு மூணே கால். குரல்தானே உன்னுது, கருத்து அவங்களுது. நான்கூடக் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் கண்ணாடி போட்டா முகம் எடுப்பா இருக்கும்னு சொல்றேன்."

"அதனாலதான் நான் உங்க கடைக்கு வர்றதில்ல."

"ஒரு வரிக்காக இவ்வளவு நாள் கட்டிக் காத்த மைக்கை விட்டுருவியா?"

அவள் துணியால் அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "மருத்துவர் எழுதின பவரை விட்டுட்டு வேற பவர்ல வில்லை போட்டுக் கொடுன்னு உங்க முதலாளி சொன்னா? ஒரே ஒரு ஆளுக்குத்தான், அந்த ஆளுக்குத் தெரியவும் தெரியாது. கொடுப்பீங்களா?"

அவர் குழாயை மூடினார். "கொடுக்க மாட்டேன்."

"அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா எப்படி? அடுத்து என்ன பண்ணப் போற?"

"போய்ப் படிக்கப் போறேன். அந்த வரியைத் தவிர."

ஒலிப்பதிவுக்கூடம் ஒரு வங்கிக்கு மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் முட்டை அட்டை போல மேடுபள்ளமான பஞ்சு. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தாடி வைத்த ஒலிப்பதிவாளர், அவருக்குப் பின்னால் இயக்குநர். அவள் படித்தாள். மேகத்தால் மூடப்பட்ட வெள்ளியைப் படித்தாள், வளையம் சூழ்ந்த சனியைப் படித்தாள். அந்த வரி வந்தபோது தாளைப் பார்க்காமல், "கவனமாகப் பார்த்தவர்களே பூமி அசையவில்லை என்று நினைத்தார்கள்," என்றாள்.

காதில் மாட்டியிருந்த கருவிக்குள் தாடிக்காரர் குரல் வந்தது. "மேடம், பேப்பர்ல வேற இருக்கு."

"தெரியும் தம்பி."

இன்னொரு முறை எடுத்தார்கள். அதையேதான் சொன்னாள். மூன்றாம் முறையும். "அந்த இடத்தைச் சும்மா விட்டுடுங்க, இசை போட்டுக்கோங்க," என்று வழியும் சொன்னாள். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு, சரி, மீதியைப் படியுங்கள் என்றார். படித்து முடித்துவிட்டுக் கீழே டீக்கடைக்குப் போனாள். தொண்டை வறண்டிருந்தாலும் மனசு லேசாகியிருந்தது. ஒரு வரியை ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள்.

திரும்பி மாடியேறியபோது, பதிவறைக் கதவு சரியாக மூடாமல் இருந்தது. உள்ளே அவளே பேசிக்கொண்டிருந்தாள். '...துணிவில்லாத மூடர்கள்...' என்றது அவள் குரல். நின்றது. திரும்பவும், இன்னும் கொஞ்சம் வழவழப்பாக, '...மூடர்கள்...'

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். தாடிக்காரர் கையைக் கணினி எலியிலிருந்து எடுத்தார், திருட்டுப் பூனை மாதிரி. இயக்குநர் எழுந்துவிட்டார்.

"எங்கேருந்து எடுத்தீங்க, தம்பி?" என்று அமைதியாகக் கேட்டாள்.

அவர் தொழில் கர்வத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். "மூடப்பட்ட வெள்ளியிலேருந்து முன்பாதி மேடம். அறிஞர்கள்ல இருந்து பின்பாதி. மத்ததெல்லாம் அங்கங்க இருந்துச்சு."

"தையலே தெரியல. கெட்டிக்காரர்தான். இப்ப அழிங்க."

"இந்த வரியையா?"

"எல்லாத்தையும். முதல் வணக்கத்துலேருந்து."

இயக்குநர் கைகளைப் பிசைந்தார். "டீச்சர், நாள் பூரா பாடுபட்டிருக்கீங்க. அந்த எறும்பு போனாலும் உங்க குரல் அந்தக் கூரையில இருக்கும். யாருக்குக் கிடைக்கும் இது? உங்களுக்கு நல்லது நினைச்சுத்தான் செஞ்சேன்."

"தெரியும் சார். நீங்க நல்லவர்தான். ஆனா அந்த இருட்டுல குரலைத்தான் நம்புவாங்க. என் குரல்ல அந்த வரி வந்துச்சுன்னா, நான் இல்லாத காலத்துலயும் நான் பொய் சொல்லிட்டே இருப்பேன். எனக்கு எட்டுக் கோளும் வேணாம். அழிங்க."

"அழிச்சா, வேற ஆளைப் போட வேண்டியிருக்கும். மைக் உங்களுக்கு இல்ல. டிக்கெட் கொடுக்கிற இடம்தான் காலியா இருக்கு."

"அதைக் கொடுங்க."

தாடிக்காரர் இயக்குநரைப் பார்த்தார், இயக்குநர் தரையைப் பார்த்தார். அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பச்சைப் புழுக்கள் போல வரிசையாக நெளிந்திருந்த அவள் குரலின் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. கடைசிப் புழுவும் போன பிறகு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யச் சொன்னாள். கணினியில் அப்படி ஒன்று இருப்பது அவளுக்கும் தெரியும். 

படத்துக்கு ஒரு நடிகர் குரல் கொடுத்தார். கம்பீரமான குரல். 'மூடர்கள்' என்ற இடத்தில் லேசாகச் சிரித்திருந்தார். அவள் டிக்கெட் அறைக்குப் போனாள். அரைவட்டம் வெட்டிய ஒரு கண்ணாடி, சுழலும் நாற்காலி, முழங்கால் இடிக்கும் மேசை. வெளியே நிற்பவர்களுக்கு அவள் கை மட்டும் தெரியும். "முகமும் போய், குரலும் போய், இப்ப விரல் மட்டும்," என்று மெஷின் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் வாரம் பேசாமல் டிக்கெட் கிழித்துக் கொடுத்தாள். ஒருநாள் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த பெண் ஒருத்தி, "படம் நல்லா இருக்குமாக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருக்கும். நடுவுல ஒரு வரி மட்டும் பொய்."

"எந்த வரி?"

"அதைச் சொல்ல மாட்டேன். நீங்களே கண்டுபிடிங்க."

காட்சி முடிந்து அந்தப் பெண் நேராகக் கண்ணாடிக்கு வந்தாள். "சனி வளையம் பனிக்கட்டின்னு சொன்னாங்களே, அதானே பொய்?"

"அது நிஜம். பெரும்பாலும் பனிக்கட்டிதான்."

"அப்ப வெள்ளி தன்னைத்தானே ஒரு தடவை சுத்துறதுக்குள்ள அதோட ஒரு வருஷமே முடிஞ்சிடும்னது?"

"அதுவும் நிஜம்."

அந்தப் பெண் மறுவாரம் தன் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பிறகு டீச்சர் கேட்பவர், கேட்காதவர் எல்லோருக்கும் டிக்கெட்டோடு சேர்த்து அதைச் சொல்லத் தொடங்கினாள். "படம் நல்லா இருக்கும். ஒரு வரி பொய்." முன்கூடத்தில் கூட்டம் கலையாமல் நின்று வாக்குவாதம் செய்தது. கல்லூரிப் பையன்கள் நூலகத்துக்கு ஓடினார்கள். ஒரு கணவனும் மனைவியும் சூரியனின் வயதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே பேருந்து ஏறினார்கள். கண்டுபிடித்தவர்களும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற செவிலி ஒருத்தி, "யாரையோ மூடன்னு திட்டுதே அந்தக் குரல், அவங்க என்ன செஞ்சாங்கன்னு ஒண்ணுமே சொல்லலையே," என்றாள். அந்தச் செவிலிக்கு மட்டும் டீச்சர் கண்ணாடிக்குள்ளிருந்து கையை நீட்டி, கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

மெஷின் அண்ணன் சேதி கொண்டுவந்தார். "தங்கச்சி, ஒரு விஷயம் கவனிச்சியா? உள்ள ஒரு குறட்டைகூட இல்ல. எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து போலீஸ் மாதிரி கேக்குறாங்க. அந்த நடிகர் பாவம், எது சொன்னாலும் 'இதுவா இருக்குமோ, இதுவா இருக்குமோ'ன்னு முணுமுணுப்பு."

குழுவுக்குச் செய்தி போயிற்று. இயக்குநர் டிக்கெட் அறைக்கே வந்துவிட்டார். உள்ளே இடமில்லாததால் வெளியே வரிசையில் நிற்பவர்களோடு நின்று, அரைவட்டத்துக்குள் குனிந்து பேச வேண்டியிருந்தது.

"டீச்சர், நம்ம அரங்கத்தை நாமே பொய்னு சொல்லலாமா? விளக்கம் கேட்டு எழுதச் சொல்லியிருக்காங்க. இதோட நிறுத்திக்கோங்க. இல்லேன்னா இந்த நாற்காலியும் இருக்காது."

"நிறுத்திடறேன் சார். ஒரே ஒரு வேலை மட்டும் செய்ங்க." அவள் ஒரு வெள்ளைத் தாளை அரைவட்டத்தின் வழியாக வெளியே தள்ளினாள். "அந்த வரி உண்மைன்னு எழுதி, கீழே உங்க கையெழுத்தைப் போட்டு, இந்தக் கண்ணாடியில ஒட்டிடுங்க. அந்த நிமிஷமே வாயை மூடிக்கிறேன். குழுவுல வேற யார் போட்டாலும் சரி."

"இதென்ன வீம்பு?"

"வீம்புதான் சார். போடுங்க."

அவர் தாளை எடுத்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவையும் எடுத்து, மூடியைத் திறந்தார். இத்தனை நாளில் அந்தப் படத்தை அவரும் எத்தனையோ முறை பார்த்துவிட்டார், பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களின் கேள்விகளிலும் மாட்டியிருந்தார். பேனா முனை தாளுக்கு மேலேயே நின்றது.

பின்னால் நின்ற பெரியவர் பொறுமையிழந்தார். "ஐயா, எழுதுறதா இருந்தா தள்ளி நின்னு எழுதுங்க. ஆரம்பிச்சுடப் போறாங்க."

இயக்குநர் ஒதுங்கினார். பெரியவர் குனிந்து இரண்டு டிக்கெட் கேட்டார்.

அவள் டிக்கெட்டைக் கிழித்தாள். இயக்குநர் காதில் விழும்படியே சொன்னாள்: "படம் நல்லா இருக்கும் ஐயா. நடுவுல ஒரு வரி பொய்."

"அப்படியா? கண்டுபிடிச்சா என்ன தருவீங்க?"

"கையைக் குலுக்குவேன்."

இயக்குநர் பேனாவை மூடினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் அறைக்கு நடந்தார். நாற்காலியை யாரும் எடுக்கவில்லை. குழுவில் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். அவள் இருந்த வரை அந்தக் கண்ணாடியில் அப்படியொரு தாளை ஒட்ட ஒருத்தரும் வரவில்லை.